சுவரோரத்து அரை மில்லிமீட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அணுக்கரு இணைவு பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். அடுத்த வாரமே, ‘கணினி முன் உட்கார்ந்து கலர் கலராகப் படம் போடுகிறவர்களுக்கு எதற்கு இவ்வளவு பணம்?’ என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். கட்டுரை, உலையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறது. கடிதம் அடியோடு நம்ப மறுக்கிறது. இருவருமே ஒரே இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள்: அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்த சூடான வாயு, அதாவது பிளாஸ்மா, உலையின் சுவரைத் தொடும் இடம். அந்த இடம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரேடியோ ஒலிபரப்புக் கருவிகளில் தொழில் பழகியவன். ஆள் உயர வெற்றிடக் குழாய் வால்வுகள், அவற்றைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்கள், ஆன்டெனா ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பும் ஆற்றலைக் காட்டும் மீட்டர், இவற்றோடு இளமை போயிற்று. பிற்பாடு, அதே அலைகள் பிளாஸ்மாவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடும் பக்கம் வந்து சேர்ந்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். எந்த நிறுவனத்துக்காகவும் பேசவில்லை.

கட்டுரையில் ஒரு வாக்கியம்: ‘சக்திவாய்ந்த காந்தப்புலம் பிளாஸ்மாவைச் சுவரைத் தொடவிடாமல் அந்தரத்தில் நிறுத்துகிறது.’ எல்லாப் பத்திரிகைகளும் இப்படித்தான் எழுதுகின்றன. நடுவில் இருக்கும் பத்துக் கோடி டிகிரிப் பகுதிக்கு இது ஓரளவு பொருந்தும். ஓரத்துக்குப் பொருந்தாது. விளிம்பில் இருக்கும் பிளாஸ்மா எப்போதும் ஏதோ ஓர் உலோகத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தொடும் இடத்தில் இயற்கை தானாகவே ஒரு மெல்லிய அடுக்கை எழுப்பிக்கொள்கிறது. அதை உறை என்கிறோம். 1920-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் மின்னிறக்கக் குழாய்களை நோண்டிக்கொண்டிருந்த இர்விங் லாங்மியூர் இதை விளக்கினார். பிளாஸ்மா என்ற பெயரையும் 1928-ல் அவர்தான் வைத்தார்.

உறை ஏன் உண்டாகிறது? இணைவுக்கு எரிபொருளான கன ஹைட்ரஜனின், அதாவது டியூட்டீரியத்தின், அயனி எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 3,670 மடங்கு கனமானது. ஒரே வெப்பநிலையில் எலக்ட்ரான் சுமார் 60 மடங்கு வேகமாக ஓடும். எனவே எலக்ட்ரான்கள்தான் முதலில் சுவரில் போய் விழுகின்றன. சுவர் எதிர்மின்னேற்றம் பெறுகிறது. பின்னால் வரும் எலக்ட்ரான்களை அதுவே தடுக்கிறது, அயனிகளை இழுக்கிறது. இரண்டு வரவும் சமமாகும் புள்ளியில் நிலைமை நிற்கிறது. விளிம்பு பிளாஸ்மாவின் வெப்பநிலை 10 எலக்ட்ரான்-வோல்ட் (ஒரு லட்சம் டிகிரிக்குச் சற்று மேல்) என்றால், சுவருக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே சுமார் 30 வோல்ட் நிற்கும். கன மீட்டருக்குப் பத்தாயிரம் கோடி கோடி என்று எழுதினால் வாசகர் மிரள்வார்; 10-ன் அடுக்கு 18 எலக்ட்ரான்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அடர்த்தியில் இந்த அடுக்கை அளக்கும் அடிப்படை நீளம் 0.02 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். உறையின் தடிமன் அதில் சில மடங்கு. முப்பது வோல்ட்டுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அந்த வேகத்தில் வந்து மோதும் டியூட்டீரியத்தால் டங்ஸ்டன் சுவரிலிருந்து ஓர் அணுவைக்கூடப் பெயர்க்க முடியாது.

வம்பு ரேடியோ அலையோடு வருகிறது.

பிளாஸ்மாவைச் சூடேற்றும் வழிகளில் ஒன்று, காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும் அயனிகளின் சுழற்சிக்கு ஒத்த அதிர்வெண்ணில் அலையை அனுப்புவது. பிரான்ஸில் கடராஷ் அருகே பல நாடுகள் சேர்ந்து கட்டிவரும் ஈட்டர் என்ற இணைவு உலையில் இதற்காக ஒதுக்கியிருப்பது 40 முதல் 55 மெகாஹெர்ட்ஸ் வரை. 5.3 டெஸ்லா புலத்தில், இன்னொரு எரிபொருளான டிரிடியத்தின் சுழற்சியை இரட்டித்தால் 53 அல்லது 54 மெகாஹெர்ட்ஸ் வருகிறது, கணக்கு அங்கிருந்து பிறந்ததுதான். பழைய ரேடியோக்காரனுக்கு இது ரொம்பப் பழகிய பட்டை. சிற்றலை முடிந்து, பண்பலை தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் இடம். ஆனால் ஒலிபரப்பில் ஆன்டெனாவை ஊருக்கு வெளியே வெட்டவெளியில் நட்டுவிட்டு வந்துவிடலாம். இங்கே முடியாது. 50 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர். சூடேற்றப் பயன்படும் அலை, அடர்த்தி குறைந்த வெளி விளிம்பில் பரவாது, தேய்ந்துபோகும். ஆகவே ஆன்டெனாவைப் பிளாஸ்மாவிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில், கிட்டத்தட்ட அதன் மூச்சுக்காற்று படும் இடத்தில், வைத்தாக வேண்டும். உங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் ஆன்டெனா எங்கோ தொலைவில் நின்று டார்ச் விளக்குப் போல அலையைப் பாய்ச்சுகிறது. அப்படி வைத்தால் ஒரு வாட் கூட உள்ளே போகாது.

கிட்டே வைத்தால் என்ன ஆகிறது? ஆன்டெனாவின் உலோகப் பட்டையில் ஓடும் மின்னோட்டத்துக்கு எதிராக, அதைச் சுற்றியுள்ள உலோகப் பெட்டியிலும் மின்னோட்டம் ஓடுகிறது. காந்தப்புலக் கோட்டின் திசையிலேயே ஒரு சிறு மின்புலம் எழுகிறது. அது நாம் விரும்பிய அலை இல்லை, ஒட்டிக்கொண்டு வருவது. அந்தக் கோடு போய் முட்டும் இரு முனைகளிலும் இருக்கும் உறைகளின் மேல் வினாடிக்கு 5 கோடி முறை மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. எலக்ட்ரான் இலேசானது. மின்னழுத்தம் தணியும் அந்தக் கணநேரத்தில் கூட்டமாக வெளியே ஓடிவிடும். கனமான அயனியால் அப்படி ஓட முடியாது. எலக்ட்ரான் இழப்பைத் தடுக்கப் பிளாஸ்மா தன் நேர் மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது. தன்னைத் தொடும் பரப்புகளில் எது மிக உயர்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறதோ, அதற்கும் சற்று மேலேயே நிற்கப் பார்க்கிறது. சிறுவயதில் கிரிஸ்டல் ரேடியோ செய்து பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். அந்தக் கிரிஸ்டல் செய்யும் வேலையைத்தான் இந்த உறை செய்கிறது: மாறுமின்னழுத்தத்தை வாங்கிக்கொண்டு நேர்மின்னழுத்தத்தை எடுத்துக் கொடுக்கிறது. ரேடியோவில் அதனால் பாட்டு கேட்டது. இங்கே முப்பது வோல்ட் முந்நூறு வோல்ட் ஆகிறது.

முந்நூறு வோல்ட் என்றால் கதை மாறிவிடும். அதில் இழுக்கப்படும் டியூட்டீரிய அயனி முந்நூறு எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலோடு மோதும். டியூட்டீரிய அயனி டங்ஸ்டன் அணுவைப் பெயர்க்கத் தேவையான ஆற்றல் சுமார் 220 எலக்ட்ரான்-வோல்ட். ஆக்சிஜன் போல ஒன்றுக்கு மேற்பட்ட மின்னேற்றம் கொண்ட மாசு அயனிகள் அதே வோல்ட்டில் பல மடங்கு ஆற்றலோடு வந்து மோதும். பெயர்ந்த டங்ஸ்டன் பிளாஸ்மாவின் நடுவுக்குப் போனால், 74 எலக்ட்ரான்களில் பெரும்பகுதியை இழந்தும் இன்னும் சிலவற்றை வைத்துக்கொண்டு வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே கொட்டும். லட்சம் அயனிகளுக்குச் சில டங்ஸ்டன் அணுக்கள் சேர்ந்தாலே இணைவு சிரமப்படும். சூடேற்ற அனுப்பிய அலையே குளிர்விக்கும் பொருளையும் உள்ளே அனுப்பி வைக்கிறது. பிரின்ஸ்டனைச் சேர்ந்த பெர்கின்ஸ் 1989-லேயே இந்தத் தொடர்பை விளக்கிக் கட்டுரை எழுதிவிட்டார். ஈட்டரின் உட்சுவரை பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாற்றும் முடிவு அண்மையில் எடுக்கப்பட்ட பிறகு இந்தக் கவலை கூடியிருக்கிறது, குறையவில்லை.

இப்போது கணினிக்கு வருகிறேன். ‘மீத்திறன் கணினியில் முழு உலையையும் அப்படியே உருவாக்கிப் பார்த்துவிட்டார்கள்’ என்கிறது உங்கள் கட்டுரை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆன்டெனாவைச் சுற்றி ஒரு கன மீட்டர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உறை தெரிய வேண்டுமானால் கட்டத்தின் அளவு 0.02 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 50,000 கட்டம். மூன்று பக்கமும் பெருக்கினால் 125 லட்சம் கோடி கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மின்புலத்தின் மூன்று கூறுகளை எழுதி வைக்க மட்டுமே சுமார் 6,000 டெராபைட் வேண்டும். இது வெறும் ஏட்டில் எழுதிவைக்கும் செலவு. சமன்பாட்டைத் தீர்ப்பது தனி. இதில் துகள்களையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பதென்றால், அலை ஒருமுறை ஏறி இறங்கும் 20 நானோவினாடிக்குள் சில ஆயிரம் கால அடிகள் எடுத்து வைக்க வேண்டும். யாரும் அப்படிச் செய்யவில்லை, செய்யவும் முடியாது.

அப்படியானால் எப்படித்தான் செய்கிறார்கள்? உறையை வரையாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, உறை இருந்தால் அலை என்ன உணருமோ அதைச் சுவரின் மேல் ஒரு நிபந்தனையாக எழுதுகிறார்கள். கொலராடோவில் லோட்ஸ்டார் என்ற சிறிய ஆய்வு நிறுவனத்தில் இருந்த டிப்போலிட்டோவும் மைராவும் 2006-ல் இதை ஒழுங்காக வடிவமைத்தார்கள். உலோகத்தின் மேல் மெல்லிய மின்காப்புப் படலம் ஒட்டியிருப்பதாகக் கொள்கிறோம், ஒரு மின்தேக்கி போல. இதனால் கட்டம் மில்லிமீட்டர் அளவில் இருந்தாலும் கணக்கு ஓடும்.

ஆனால் அந்தப் படலத்தின் தடிமன் நிலையானது அல்ல. வோல்ட் ஏறினால் உறை தடிக்கும், ஏறத்தாழ வோல்ட்டின் முக்கால் அடுக்காக. மேலே சொன்ன 0.02 மில்லிமீட்டர் அளவு நீளம், 300 வோல்ட்டில் 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள உறையாகிவிடும். தடிமன் மாறினால் மின்தேக்குத்திறன் மாறும். அது மாறினால் அலை மாறும். அலை மாறினால் வோல்ட் மாறும். ஆகவே ஒரு வோல்ட்டை ஊகித்து, அலையைத் தீர்த்து, புது வோல்ட்டைக் கண்டு, மறுபடி தடிமனைத் திருத்தி, இரண்டும் ஒத்துப்போகும் வரை சுற்றிச் சுற்றி வர வேண்டும். சில சமயம் அது ஒத்துப்போகவே போகாது. இரண்டு விடைகளுக்கு நடுவே ஊசலாடும். சில சமயம் ஒரே உள்ளீட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உண்டு. தொடக்க ஊகம் எதுவோ அதைப் பொறுத்து ஒன்றில் போய் விழும். இராத்திரி ஓட விட்டுப் போய், காலையில் வந்து பார்த்தால், அழகான படம் ஒன்று திரையில் நிற்கும். அது எந்த விடை என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததும் பிடிக்காததும் இதுதான்.

கடிதம் எழுதிய வாசகருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ‘படம் போடுகிறார்கள்’ என்ற அவருடைய கிண்டலில் நியாயம் உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்ளும் இடமும் அதுதான். கடராஷில் அப்போது டோர் சுப்ரா என்ற டோகமாக், அதாவது பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாகப் பிடித்துவைக்கும் கருவி, ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஆன்டெனாவுக்கு முன்னால் இருக்கும் ஃபாரடே திரையை, அதாவது உலோகக் கம்பிகளால் ஆன தடுப்பை, புதிதாக வடிவமைத்தார்கள். எளிய கணக்கு ஒன்று கையில் இருந்தது: உறையைக் கணக்கில் சேர்க்காமல் அலையின் மின்புலத்தைக் கண்டுபிடி, காந்தப்புலக் கோட்டின் நீளம் முழுக்க அதைக் கூட்டு, வருவதுதான் உறையின் மேல் விழும் வோல்ட். அந்தக் கூட்டுத்தொகை குறையும்படி பெட்டியில் பிளவு வெட்டி, திரையின் கம்பிகளை ஒரு முனையில் மட்டும் பிடித்து நிறுத்தினார்கள். 2011-ல் பழைய திரை உள்ள ஆன்டெனாவோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். புதியது கூடுதலாகச் சூடானது!

அதோடு நிற்கவில்லை. ஆன்டெனாவின் இடப் பட்டைக்கும் வலப் பட்டைக்கும் ஆற்றலை ஏற்றத்தாழ்வாகக் கொடுத்துப் பார்த்தபோது, எந்தப் பட்டைக்கு ஆற்றல் அதிகமோ அதன் பக்கத்தில் விளைவும் அதிகமாக இருந்தது. ஒரே கோட்டின் இரண்டு முனைகளும் வெவ்வேறு மாதிரி நடந்துகொண்டன. கோடு முழுக்கக் கூட்டி எடுத்த ஒரே எண்ணால் இதை எப்படியும் விளக்க முடியாது. அந்த எண்ணுக்கு இடமும் தெரியாது வலமும் தெரியாது. சுவருக்கு அருகில் இருக்கும் மின்புலமே உறையைக் கிளப்புகிறது, தொலைவில் இருப்பது வழியிலேயே தேய்ந்துவிடுகிறது என்று அந்தக் குழுவினர் பிறகு காட்டினார்கள். உறையையும் அலையையும் சேர்த்தே தீர்க்கும் நிரலை எழுதி, ஆன்டெனாவுக்கான பெரிய மின்காந்த நிரலோடு இணைத்ததால் இது முடிந்தது. எல்லை நிபந்தனையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு தப்பான திசையைக் காட்டியது. சேர்த்துப் போட்ட கணக்கு, நடந்ததை ஏன் நடந்தது என்று சொன்னது. இந்த இரண்டையும் ‘சிமுலேஷன்’ என்ற ஒரே பையில் போட்டு நம்புவதோ தூக்கி எறிவதோ எப்படிச் சரியாகும்?

நல்ல முடிவு வந்த கதையும் உண்டு. ஜெர்மனியின் கார்சிங்கில் உள்ள ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு என்ற டோகமாக் முழுக்க டங்ஸ்டன் சுவர் கொண்டது. 2015-ல் அங்கே மூன்று பட்டை ஆன்டெனாவைப் பொருத்தினார்கள். நடுப் பட்டையின் மின்னோட்டத்தை ஓரப் பட்டைகளுக்கு எதிர்க் கட்டத்தில் ஓட விட்டு, ஆற்றல் விகிதத்தையும் சரிசெய்தால், பெட்டியில் தூண்டப்படும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று ரத்துசெய்துகொள்ளும். கணினி முன்கூட்டிச் சொன்ன உத்தி இது. டங்ஸ்டன் வரத்து கண்கூடாகக் குறைந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் அல்கேட்டர் சி-மாட் டோகமாக்கின் கதையோ அரைகுறை. ஆன்டெனாவைக் காந்தப்புலத்துக்குச் செங்குத்தாகச் சாய்த்துப் பொருத்தியதும் மாசு குறைந்தது. ஆனால் எந்த உறை மின்னழுத்தம் குறைந்தால் அது குறையும் என்று நினைத்தார்களோ, அந்த மின்னழுத்தம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. மருந்து வேலை செய்தது, சொன்ன காரணத்தால் அல்ல. எனக்கு இது கார்சிங் வெற்றியைவிடச் சுவையானது. அந்த இயந்திரம் 2016-ல் நிறுத்தப்பட்டுவிட்டது என்பதில் இன்னும் வருத்தம்.

பணத்தைப் பற்றி. ஈட்டரில் இந்தியாவின் பங்கு சுமார் 9 சதவீதம். அதைப் பெரும்பாலும் ரொக்கமாக அல்ல, கருவிகளாகச் செய்து கொடுக்கிறோம். குஜராத்தின் ஹசிராவில் செய்து அனுப்பிய சுமார் 30 மீட்டர் உயர கிரையோஸ்டாட்டை, அதாவது உலையை மூடும் குளிர்காப்புக் கலத்தை, பற்றி உங்கள் பத்திரிகையே எழுதியிருக்கும். அவ்வளவு படமாக வராத இன்னொன்று, நான் மேலே சொன்ன ரேடியோ அலைகளைத் தரும் மூலங்கள். ஒவ்வொன்றும் 2.5 மெகாவாட். அவை இந்தியாவின் பொறுப்பு. ஊர் ஊராக ஒலிபரப்பிய நிலையங்களில் ஓடியதைவிடப் பல மடங்கு ஆற்றல். நம் வால்விலிருந்து கிளம்பும் ஆற்றல் பிளாஸ்மாவைச் சூடேற்றுமா, சுவரைச் சுரண்டுமா என்பதை அந்த அரை மில்லிமீட்டர் முடிவு செய்கிறது. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆதித்யா-யு, எஸ்.எஸ்.டி.-1 என்ற டோகமாக்குகள் இருக்கின்றன, இதே முறையில் ரேடியோ அலையால் சூடேற்றும் அனுபவமும் இருக்கிறது. மூலத்தைச் செய்து அனுப்பிவிட்டு, அது என்ன செய்கிறது என்று கணக்குப் போடுவதை மட்டும் வேறு நாட்டவரிடம் விட வேண்டும் என்கிறாரா வாசகர்?

இணைவு வேண்டாம், பயனுள்ளதாக ஏதாவது செய்யுங்கள் என்பவர்களுக்கும் பதில் உண்டு. சிப் தயாரிப்பில் சிலிக்கானைச் செதுக்கும் அறைகளில் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைதான் பிளாஸ்மாவை உண்டாக்குகிறது. அங்கே உறை எதிரி அல்ல, வேலைக்காரன். அயனியைச் செங்குத்தாகக் கீழே இழுத்து நேரான பள்ளம் வெட்ட வைப்பது அதுவே. நாட்டில் சிப் ஆலைகள் வருகின்றன என்று தினமும் செய்தி போடுகிறீர்கள். அந்த ஆலைகளில் உட்கார்ந்து உறையைப் புரிந்துகொள்ள ஆள் வேண்டாமா?

இந்தத் துறையில் நம்பகத்தன்மையை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதற்கும் அங்கேயே எடுத்துக்காட்டு கிடைக்கிறது. 2013-ல், தனித்தனியே எழுதப்பட்ட ஐந்து நிரல்களுக்கு ஒரே கேள்வியைக் கொடுத்தார்கள்: 6.7 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு தகடுகள், நடுவில் ஹீலியம், 13.56 மெகாஹெர்ட்ஸ், நான்கு வெவ்வேறு அழுத்தங்கள். ஐந்தும் மிக நெருங்கிய விடைகளைத் தந்தன. இது நிரல்கள் சமன்பாட்டைச் சரியாகத் தீர்க்கின்றன என்பதற்குச் சான்று. சமன்பாடு உலகத்தைச் சரியாகச் சொல்கிறதா என்பதற்கு அளவீடு வேண்டும். அந்த வேலையைக் கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ.வில் உள்ள நீளமான பிளாஸ்மா கருவி போன்ற இடங்களில், சென்டிமீட்டர் சென்டிமீட்டராக ஆய்வுக்கம்பியை நகர்த்திச் செய்கிறார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு இந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடும் என்று உங்கள் கட்டுரை முடிகிறது. போடும். எந்தக் கணக்கைக் காட்டிப் பழக்கினோமோ அதைத்தான் போடும். டோர் சுப்ராவின் பழைய கூட்டல் கணக்கைக் காட்டிப் பழக்கினால், அதே தப்பான திசையை இன்னும் வேகமாகக் காட்டும்.

பத்திரிகைக்கு என் வேண்டுகோள் சிறியது. ‘கணினி ஆய்வு நிரூபித்தது’ என்ற செய்தி கைக்கு வந்தால், அச்சுக்கு அனுப்பும் முன் சம்பந்தப்பட்டவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சுவரில் என்ன நிபந்தனை வைத்தீர்கள்? வந்த வோல்ட்டை எங்காவது அளந்து ஒப்பிட்டீர்களா? நல்ல ஆய்வாளர் இந்தக் கேள்விக்காகவே காத்துக்கொண்டிருப்பார். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மழுப்புகிறவரை அப்போதே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இன்னொன்று, திருத்தம். கட்டுரையின் கடைசிப் பத்தியில், பிப்ரவரி 2025-ல் 1,337 வினாடிகள் பிளாஸ்மாவை நிறுத்திய வெஸ்ட் கருவியைப் ‘புதிதாகக் கட்டப்பட்டது’ என்று போட்டிருக்கிறீர்கள். அது புதிது அல்ல. அந்த டோர் சுப்ராதான், சுவரை டங்ஸ்டனுக்கு மாற்றி, 2016 டிசம்பரில் மறுபடி இயக்கப்பட்டது. இணையப் பதிப்பிலாவது மாற்றிவிடுங்கள். படத்தில் ஆன்டெனாவையும் கொஞ்சம் கிட்டே நகர்த்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ பொறியாளர்,
கும்பகோணம்.